கேஷை அழிச்சீங்களாம்மா?

மனிதர்களை சென்னியப்பன் இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருந்தான். கேஷை அழிக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். தெரிந்தவர்கள் அவனுக்குப் போன் செய்வதில்லை. ஆகவே அவன் காதில் விழுந்த அத்தனை பேரும் இரண்டாவது சாதி.

கோயமுத்தூர் சரவணம்பட்டியில், வெயிலை வாங்கி எதிர்வீட்டுக்காரர்கள் கண்ணில் அடிக்கிற ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அவன் வேலை பார்த்தான். நிறுவனத்தின் பெயர் தெளிவகம். காகிதத்தில் ஆணை அனுப்புகிற வழக்கம் ஒழிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வேலைநீக்கமோ, வீட்டைக் காலி செய்யச் சொல்வதோ, காப்பீட்டுக்காரன் கையை விரிப்பதோ, எதுவானாலும் 'வாசல்' என்கிற பிரௌசருக்குள் ஒரு கோப்பாக வந்து நிற்கும். வேறு பிரௌசரில் திறக்காது. உரியவர்தான் படிக்கிறாரா என்று தெரிய, போனின் விளிம்பில் உள்ள பட்டையில் விரலை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேருக்குத் திறந்துவிடும். மற்றவர்களுக்கு நீல வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது கூப்பிட வேண்டிய இடம் தெளிவகம்.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவன் சென்னியப்பன். வயது நாற்பது. கேஷை அழி, குக்கீயை அழி, பிரௌசரைப் புதுப்பி, போனை அணைத்துப் போடு, கழற்றிவிட்டு மறுபடி நிறுவு. இந்த வரிசையை அவன் வேதம்போல நம்பினான். வரிசை தப்பாமல் செய்தால் எந்தக் கோப்பும் திறக்கும். திறக்கவில்லையென்றால் எதிர்முனையில் இருக்கிற மண்டூகம் எதையோ தப்பாக அழுத்தியிருக்கிறது.

அவன் யாரையும் திட்டியது கிடையாது. கொங்கு நாட்டுக்காரன். 'ங்க' போடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க மாட்டான். ஆனால் அந்த 'ங்க'வை அவன் வைக்கிற இடம் இருக்கிறதே, காலில் விழுந்த பிச்சைக்காரனுக்குச் செருப்பைக் கழற்றாமல் ஆசீர்வாதம் செய்வது மாதிரி இருக்கும். "இதுகூடத் தெரியலீங்களா, பரவால்லீங்க" என்பான். "வீட்ல படிச்சவங்க யாராச்சும் இருந்தா போனை அவங்ககிட்டக் குடுத்துருங்களேன்" என்பான். "நான் சொன்னது ஸ்க்ரீனோட வலது பக்கமுங்க. சாப்பிடற கை இருக்குதில்லீங்க, அந்தப் பக்கம்" என்பான். புகார் கொடுக்கலாம் என்றால் ஒரு கெட்ட வார்த்தை அகப்படாது.

ஒருமுறை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்து மாட்டினார். முதலில் அதட்டினார். "நான் எத்தனையோ கலெக்டர்களை உருவாக்கினவன் தெரியுமா" என்றார். "கலெக்டருங்களே கேஷ் அழிக்கறாங்களேங்க" என்றான் சென்னியப்பன். கொஞ்ச நேரத்தில் பெரியவரின் குரல் இறங்கி, கரகரத்து, "மன்னிச்சுக்கோங்க தம்பி, எனக்கு இதெல்லாம் வராது" என்று முடிந்தது. அந்த நொடியில் கோப்பு திறந்துகொண்டது. கடைசியில் சொன்ன பேச்சைக் கேட்டார், அதனால் திறந்தது என்று சென்னியப்பன் எண்ணிக்கொண்டான். அந்தத் தளத்தில் வேறு யாருக்கும் அவனளவுக்குக் கோப்புகள் திறக்கவில்லை. வேறு எங்கும் மசியாதவர்கள் கடைசியாக அவனிடம்தான் வந்துசேர்ந்தார்கள். திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டான்.

பிரகாசியம்மாள் அவனிடம் வந்தது அப்படித்தான்.

"வணக்கமுங்க, தெளிவகம், சென்னியப்பன் பேசறேன். கோப்பு திறக்கலீங்களா?"

"தெறந்தா நான் ஏன் தம்பி ஒனக்குப் போன் போடுதேன்?"

பின்னால் ஒரே இரைச்சல். காக்கை, லாரி, யாரோ யாரையோ வைகிற சத்தம். அதையெல்லாம் மீறிக்கொண்டு வந்தது அந்தக் குரல். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவள் அவள். ஐம்பது வயதுக்கு மேல். அந்தத் தொண்டையைக் கடல் காற்றால்கூட அமுக்க முடிந்ததில்லை.

"கேஷை அழிச்சீங்களாம்மா?"

"காசையா? அழிக்கதுக்குக் காசு எங்க கெடக்கு? இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரில அழிச்சாச்சு."

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். "காசில்லீங்க. கேஷ். பிரௌசருக்குள்ள பழசெல்லாம் தங்கிக் கெடக்குமுங்க, அதைத் துடைக்கோணும். இது தெரியாம இத்தனை பெரிய போனை எப்படீங்க வச்சிருக்கீங்க?"

"கடைக்காரன் பணம்தான் கேட்டான், பரீட்சை வைக்கலயே. எங்க துடைக்கணும், சொல்லு."

சொன்னான். துடைத்தாள். விரலை வைத்தாள். வட்டம் சுற்றியது.

"வீட்ல படிச்சவங்க யாராச்சும்..."

"நான் பத்து வரைக்கும் படிச்சிருக்கேன். அடுத்து என்ன?"

குக்கீயை அழித்தாள். புதுப்பித்தாள். அணைத்துப் போட்டாள். ஒவ்வொன்றும் முடிந்ததும், ஏலத்தில் அடுத்த கூடையை இழுக்கிற மாதிரி, "ம், அடுத்து" என்றாள். அவன் தன்னிடம் இருந்த 'ங்க' அத்தனையையும் இறக்கிப் பார்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை. வலது பக்கம் என்றால் சாப்பிடுகிற கைப் பக்கம் என்று அவன் விளக்கியபோது, "நான் எடக்கைல சாப்புடுதவ. ஒழுங்காச் சொல்லு" என்றாள்.

"நாளைக்குக் கூப்பிடுங்கம்மா. சர்வர்ல கொஞ்சம் நெரிசல்."

"நாளைக்கு நாளைக்குன்னு எங்க போவ? தம்பி, அது என்ன கோப்புன்னு தெரியுமா ஒனக்கு?"

அவனுக்குத் தெரியாது. அவன் திரையில் ஒரு பெயரும், 'முடிவு அறிவிப்பு' என்ற இரண்டு வார்த்தைகளும், கோப்பு வந்த தேதியும், சுற்றுகிற வட்டமும் மட்டும்தான் இருந்தன. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் அவள் சொன்னாள். வீட்டுக்காரர் சூசை, மீன் பதப்படுத்துகிற ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். குழாய் வெடித்து அம்மோனியா கிளம்பியபோது உள்ளே இருந்தார். நுரையீரல் வெந்துபோயிற்று. காப்பீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ராவும் பகலும் அதில்தான் மூச்சு. அந்த மெஷின் இருக்குமா, எடுத்துப் போவார்களா என்பதுதான் இப்போது வந்திருக்கிற முடிவு.

"அவுக பேருல வந்திருந்தா அவுக வெரல வைக்கலாம். பாலிசி என் பேருல. எடுத்துருவாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதத்தான் படிக்கணும். படிச்சு, எதுத்து மனு போடணும். போன மாசம் வந்தது, இந்த வெள்ளிக்கெழமையோட ஒரு மாசம் முடியுது."

"அதெல்லாம் எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாளும் கூப்பிட்டாள். அழைப்பு தானாகவே அவனிடம் வந்தது. மறுபடியும் எல்லாவற்றையும் அழித்தார்கள், புதுப்பித்தார்கள், கழற்றி மாட்டினார்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சென்னியப்பனுக்கு எரிச்சல் மண்டியது. அவளுடைய புருஷனின் மூச்சைப் பற்றியல்ல. மூச்சு ஆயிரம் பேருக்கு நிற்கும். வரிசை தப்பாமல் செய்தும் திறக்காத ஒரு கோப்பை அவன் பார்த்ததில்லை. இதில் ஏதோ கோளாறு இருக்கிறது. மேலே இருக்கிற மடையன் எவனோ மென்பொருளில் எதையோ சொதப்பி வைத்திருக்கிறான். அதைப் பிடித்துக் கொடுத்தால் தலைமையகத்துக்குத் தன் பெயர் தெரியும் என்று அவன் புத்தி போயிற்று.

அதற்கு வாய்ப்பும் வந்தது. அன்று தலைமையகத்திலிருந்து நிரஞ்சன் வந்திருந்தான். வாசல் பிரௌசரை உருவாக்கிய குழுவின் தலைவன். முப்பது வயதுகூட இருக்காது. பார்க்கிறவர்களையெல்லாம் 'ப்ரோ' என்பான், பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளும் சிரமம் இல்லாமல் போகிறதே. மதியம் கேண்டீனில் அவன் தனியாக உட்கார்ந்து, குருமாவில் இருக்கிற பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் தள்ளிக்கொண்டிருந்தபோது, சென்னியப்பன் தட்டோடு போய் எதிரில் உட்கார்ந்தான்.

"ஒரு பக் இருக்குதுங்க சார். எல்லாம் சரியாப் பண்ணியும் ஒரு கோப்பு திறக்கமாட்டேங்குது. தூத்துக்குடி கேஸ்."

நிரஞ்சன் போனில் எதையோ தட்டிப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"பக் எல்லாம் இல்ல ப்ரோ. ஃபைல் ரெடியாத்தான் இருக்கு. ஆள்தான் ரெடி இல்ல."

"புரியலீங்க."

"விரல் வைக்கச் சொல்றோம்ல? ஆள் யாருன்னு தெரிய ஒரு செகண்ட் போதுமே. எதுக்குப் பிடிச்சுக்கிட்டே இருக்கச் சொல்றோம்? நாடி, வேர்வை, கை நடுக்கம் எல்லாம் அது வழியா வந்து எங்க ஸ்க்ரீன்ல ஒரு கோடா ஓடுது. ஆரம்பத்துல நல்ல எண்ணத்துலதான் வச்சாங்க. எங்கேயோ ஒருத்தர் வேலை போன ஆர்டரைப் படிச்சுட்டு அங்கேயே விழுந்து செத்துட்டார், கோர்ட் கேஸ் ஆயிடுச்சு. அதனால, படிக்கிறவங்க மனசு தாங்குற நிலைக்கு வந்தப்புறம்தான் ஃபைல் திறக்கணும்னு செஞ்சாங்க. பக்குவம்னு பேரு."

"அது நல்லதுதானுங்களே."

"நல்லதுதான். அப்புறம் பாத்தா கிளையண்ட்ஸுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு." பட்டாணி ஒன்றை ஓரம் தள்ளினான். "பக்குவமாப் படிக்கிறவங்க அப்பீல் பண்றதில்ல ப்ரோ. கோபமா இருக்கறவன் கையில ஆர்டரைக் குடுத்தா நேரா வக்கீல்கிட்டப் போறான். அடங்கிட்டவன் கையில குடுத்தா படிக்கிறான், பெருமூச்சு விடறான், படுத்துடறான். கோடு மேலயும் கீழயும் குதிக்கற வரைக்கும் திறக்காது. கோடு படுத்துதுன்னா ஆள் விட்டுட்டான்னு அர்த்தம். அப்பத் திறக்கும்."

"படுக்கவே இல்லீன்னா?"

"ஒரு மாசம் சுத்தும். அப்புறம் கொடுத்தாச்சுன்னு கணக்கு. அப்பீல் பட்டன் ஃபைலோட அடியிலதானே இருக்கு. திறக்காதவனுக்குப் பட்டன் ஏது?"

சென்னியப்பன் பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை.

"அப்ப இந்தக் கேஷை அழிக்கறது?"

"ஒண்ணும் பண்ணாது ப்ரோ. சும்மா கைக்கு ஒரு வேலை. குழந்தை அழுதா கிலுகிலுப்பை குடுக்கறதில்லையா? அஞ்சாறு தடவை அழி, போடு, அழி, போடுன்னு சொன்னா மனுஷன் தளந்துடுவான். நீங்க உண்மையிலேயே நம்பிட்டு இருந்தீங்களா?"

"இதெல்லாம் ஜனங்களுக்குச் சொல்லியிருக்கோமுங்களா?"

"டேர்ம்ஸ்ல இருக்கு. யாரு படிக்கிறாங்க?"

சென்னியப்பனுக்குக் கேட்க இன்னொன்று பாக்கி இருந்தது. கேட்காமல் எழுந்து போயிருக்கலாம். ஆனால் அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க யாரால் முடிகிறது?

"அப்படீன்னா மத்தவங்களை விட எனக்கு மட்டும் எப்படீங்க அதிகமாத் திறக்குது?"

நிரஞ்சன் முதல்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தான். அதில் உண்மையான பாராட்டு இருந்தது.

"அதுதான் ப்ரோ விஷயம். நாங்க ஸ்டடியே பண்ணியிருக்கோம். அன்பாப் பேசறவங்க கால்ல கோடு இறங்கறதே இல்ல, எதிர்ல இருக்கறவனுக்குத் தைரியம் வந்துடுது. திட்டினா கோபம் வந்து எகிறுது. உங்க வாய்ஸ் மட்டும் தனி. மரியாதையாவே பேசி, ஆளைப் புழு மாதிரி ஆக்கிடறீங்க. நாங்க எவ்வளவோ முயற்சி பண்ணோம், மெஷினால அது வரலை. அதனாலதான் முரண்டு பிடிக்கற கேஸெல்லாம் உங்ககிட்ட அனுப்பறோம். உங்களுக்குத் தெரியும்னுதான் நினைச்சேன்."

சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு சென்னியப்பன் படிக்கட்டில் இறங்கினான். மாடிக்கு மாடி ஒரே படம் மாட்டியிருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒரு பெண், கையில் போன், கீழே 'பொறுமையே திறவுகோல்'. இத்தனை வருஷமாக அந்தப் பெண்ணை அவன் விளம்பரத்துக்குச் சிரிக்கிறவள் என்று நினைத்திருந்தான். தன்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறாள்.

அவனுக்குள் உடனே ஞானம் ஒன்றும் பிறந்துவிடவில்லை. பாவம் ஜனங்கள் என்று கண் கலங்கவும் இல்லை. உள்ளதைச் சொன்னால், அவனுக்கு வந்தது அவமானம். உலகத்தை இரண்டு சாதியாகப் பிரித்தவன், தான் மூன்றாவது சாதி என்று கண்டுகொண்டான். ஒன்றையும் அழிக்காமல், அழித்ததாக நம்பிக்கொண்டு சம்பளம் வாங்கிய சாதி. கையில் இருந்தது கிலுகிலுப்பை. அதை டிப்ளமா என்று நினைத்து ஆட்டியிருக்கிறான். கலெக்டர்களை உருவாக்கிய அந்தப் பெரியவர் மன்னிப்புக் கேட்டபோது திறந்த கோப்பில் என்ன இருந்திருக்கும் என்று அன்றுதான் முதல்முதலாக யோசித்தான். அதைப் படித்துவிட்டு, ஒன்றும் செய்யாமல், கண்ணாடியைக் கழற்றி வைத்திருப்பார். பட்டனைத் தொட்டிருக்க மாட்டார். தொடாதபடி செய்ததற்குத்தான் இவனுக்குச் சம்பளம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரகாசியம்மாள் கூப்பிட்டாள்.

"இன்னைக்கும் அழிக்கணுமா?" என்றாள் எடுத்ததும். "அழிக்கேன், சொல்லு. வெரலு பட்டைலதான் இருக்கு."

"அம்மா, அதெல்லாம் பொய்யுங்க."

"என்னது?"

"கேஷை அழிச்சா ஒண்ணும் ஆகாதுங்க. உங்க போன்ல கோளாறு இல்லீங்க, கோப்புலயும் கோளாறு இல்லீங்க." அவன் குரலைத் தாழ்த்தவில்லை. அழைப்புகள் எல்லாம் பதிவாகின்றன என்று அவனுக்குத் தெரியும். தாழ்த்தி என்ன ஆகப்போகிறது? கேண்டீனில் பட்டாணி பொறுக்கிக்கொண்டே ஒருவன் சொன்னதை முழுக்கச் சொன்னான். விரல் எதற்கு, கோடு எப்படிக் குதிக்கிறது, அது படுத்தால் என்ன அர்த்தம், ஒரு மாதம் முடிந்தால் என்ன ஆகும், கஷ்டமானவர்களை ஏன் தன்னிடம் தள்ளுகிறார்கள், எல்லாவற்றையும்.

"அப்ப நான் அடங்கணும். அதானே?"

"ஆமாங்க. அடங்கினாத்தான் திறக்கும்."

"சூசைக்கு மூச்சு வேணும்னா நான் அடங்கணும்." அவள் பெருமூச்சு விட்டாள். "சரி, பாப்போம்." வாய்க்குள் அருள்நிறை மரியே சொல்கிற சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. "வட்டம் சுத்துது. செபம் சொன்னாலும் அந்த ஐஸ் கம்பெனிக்காரன் மூஞ்சிதான்யா முன்னால வருது. நெஞ்சு தடதடன்னு அடிக்கி."

"கொஞ்சம் தண்ணி குடிச்சுப் பாருங்கம்மா."

"குடிச்சா அடங்குமாக்கும். நீ ஒண்ணு செய்யி. ரெண்டு நாளு பேசுனேல்ல, ஆள மட்டந்தட்டி ஒரு பேச்சு? அதப் பேசு. எல்லாரையும் புழுவாக்குவியாமே. என்னயும் ஆக்கு. எனக்கு ரோசம் இல்ல இன்னைக்கு. மிஷின் நின்னுரக் கூடாது."

சென்னியப்பன் வாயைத் திறந்தான். இத்தனை வருஷமாக, நினைக்காமலே நாக்கில் வந்து நின்ற வார்த்தைகள்.

"ஏனுங்கம்மா, இதுகூடத் தெரியாம..."

இருமிவிட்டு மறுபடி தொடங்கினான். "வீட்ல படிச்சவங்க யாராச்சும் இருந்தா..." அது அவன் குரலாக இல்லை. ரேஷன் கடை வாசலில் நிற்கிறவன் குரலாக இருந்தது. மனப்பாடம் செய்ததை மேடையில் மறந்த பிள்ளை மாதிரி அவன் திணறினான்.

"எனக்கு வரலீங்கம்மா."

"என்ன வரல?"

"அந்தப் பேச்சு வரலீங்க. முன்னயெல்லாம் தானா வருமுங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. மடை உடைந்தது மாதிரி வந்தது. "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்கம்மா. நான் வேணும்னு பண்ணலீங்க. சொல்லிக் குடுத்ததைத்தான் செஞ்சேன். நான் டிப்ளமா படிச்சவனுங்க, நல்ல மார்க்குங்க. வேற வேலைக்குப் போலாம்னுதான் இருந்தேன், பசங்க படிப்பு இருக்குதுங்க, வீட்டு லோன் ஓடுதுங்க. உங்க மேல எனக்குத் தனிப்பட்ட முறையில எதுவும் இல்லீங்க. எல்லாருகிட்டயும் அப்படித்தானுங்க பேசுவேன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க..."

அவள் குறுக்கிடவில்லை. பிறகு அவள் பேசியது ஏலக் குரலில் இல்லை. அப்படி ஒரு தணிந்த குரல் அவளுக்கு இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

"இவ்வளவுதானா நீ?"

அவன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நான் மூணு நாளா ஒன்னய என்னமோ பெரிய ஆளுன்னு நெனச்சு மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடந்தேன். ராத்திரி தூக்கம் கெடையாது. ஒனக்கு என்ன பதில் சொல்லலாம்னு யோசிச்சு யோசிச்சு நெஞ்சடைச்சுப் போச்சு. கடைசில பாத்தா இவ்வளவுதான். ஒனக்கு மேல பட்டாணி பொறுக்கிக்கிட்டு இருக்கானாமே ஒருத்தன், அவனும் இவ்வளவாத்தான் இருப்பான். ஐஸ் கம்பெனிக்காரனும் அப்படித்தான். தம்பி, நாறுன மீனு ஏலத்துக்கு வந்தா நான் வையமாட்டேன் தெரியுமா? கூடைய இந்தா இப்படித் தள்ளி வச்சுருவேன். வாடை தெரிஞ்சப்புறம் அதுகூட என்ன சண்டை? மீனுகிட்டப் போயி யாராவது கோவப்படுவாங்களா?"

அவள் குரலில் துளி நடுக்கம் இல்லை. கூடையைத் தள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்ட மாதிரி இருந்தது.

சென்னியப்பனின் திரையில் நீல வட்டம் நின்றது.

"தெறந்துருச்சு" என்றாள் பிரகாசியம்மாள், ஆச்சரியம் இல்லாமல்.

அவனுக்கு அப்போது விளங்கிற்று. அவள் அடங்கவில்லை. பயப்படவும் இல்லை. கோபத்தில் கை நடுங்கும், பயத்தில் வேர்க்கும். ஒருவனை இனி ஒரு பொருட்டாகவே எண்ண வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிட்ட நெஞ்சு மட்டும் சலனமில்லாமல் அடிக்கும். அது எப்படி இருக்கும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? தினமும் காலையில் ஹெட்போனை மாட்டியது முதல் சாயங்காலம் கழற்றுகிற வரைக்கும் அவன் நெஞ்சு அப்படித்தான் அடித்திருக்கிறது. பணிந்துபோன கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் அந்தப் பேரறிவு மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதுவரை அவனிடம் திறந்த கோப்புகளில் எத்தனை பேர் உடைந்ததால் திறந்தன, எத்தனை பேர் அவனைத் துப்பிவிட்டுப் போனதால் திறந்தன? அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குக் காது சுட்டது.

அவள் நிதானமாகப் படித்தாள். "'பயனாளி குணமடைந்துவிட்டதாகக் கருதப்படுவதால், வழங்கப்பட்ட கருவி திரும்பப் பெறப்படும்.' கருதுதாங்களாம். சூசைக்குக் கக்கூசு வரைக்கும் நடக்க முடியல, இவனுவ கருதுதானுவ."

"விரலை எடுத்துராதீங்கம்மா. அடியில பட்டன் ஒண்ணு..."

"பாத்துட்டேன். நீ போன வை. எனக்கு வேலை கெடக்கு."

நன்றி என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியாது.

அன்று மாலைக்குள் திரையில் அவள் பெயருக்கு எதிரே 'மேல்முறையீடு நிலுவையில்' என்று வந்துவிட்டது. விசாரணை முடிகிற வரைக்கும் மெஷினில் யாரும் கைவைக்க முடியாது. சூசை இப்போதைக்கு மூச்சு விடுவார். சென்னியப்பன் அந்த வார்த்தைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு இழுப்பறையைத் திறந்து, தன்னுடைய எவர்சில்வர் டிபன் பாக்ஸையும் தலைவலித் தைலத்தையும் எடுத்துப் பைக்குள் வைத்தான். எப்படியும் துரத்துவார்கள். அவர்கள் சொல்லி எடுப்பதைவிட நாமே எடுத்துவைப்பது கௌரவம்.

சனிக்கிழமை நிரஞ்சன் கூப்பிட்டனுப்பினான். குளிரூட்டிய சின்ன அறை. சுவரை அடைத்து ஒரு திரை. அதில் ஒரு கோடு.

"உக்காருங்க ப்ரோ. இது உங்க வெள்ளிக்கிழமை கால்."

சென்னியப்பன் உட்காரவில்லை. பைவாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோடு முதலில் பனைமரமும் பள்ளமுமாகக் குதித்தது. பாதிக்குமேல் ஒரு இடத்தில் திடீரென்று இறங்கி, அடிமட்டத்தோடு அடிமட்டமாக, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஓடியது.

"நான் இந்தத் துறைக்கு வந்து இப்படி ஒரு கோட்டைப் பாத்ததில்ல" என்றான் நிரஞ்சன். குரலில் பக்தி. "எவ்வளவு மோசமான கேஸ். நாங்க எழுதியே குடுத்துட்டோம், இது திறக்காதுன்னு. என்ன ஒரு அடக்கம் பாருங்க. ஒரு சின்ன நடுக்கம்கூட இல்ல. எப்படி ப்ரோ?"

சென்னியப்பன் அவன் முகத்தைப் பார்த்தான். கிண்டல் செய்கிறானா என்று தேடினான். இல்லை. அந்த முகத்தில் அவ்வளவு புத்திக்கு இடம் இருக்கவில்லை.

"அந்தம்மா அப்பீல் பண்ணிட்டாங்களேங்க."

"ஒண்ணு ரெண்டு அப்படித்தான் போகும். ஆவரேஜ்தான் முக்கியம்."

"நீங்க அந்தக் காலைக் கேட்டீங்களா சார்?"

"கேக்கறதா?" நிரஞ்சன் சிரித்தான். "ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் கால் வருது ப்ரோ. யாரு உக்காந்து கேப்பா? அதுக்குத்தானே கோடு இருக்கு." எழுந்து வந்து தோளில் கைவைத்தான். "நான் என்ன நினைக்கறேன்னா, இதையே எல்லா ஊர் சென்டருக்கும் ட்ரெய்னிங்குக்கு அனுப்பிடலாம். மதுரை, சேலம், திருச்சி, எல்லாத்துக்கும். திங்கக்கிழமை காலையில ஒரே நேரத்துல எல்லாரும் கேக்கட்டும். எப்படிப் பேசணும்னு கத்துக்கட்டும். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

வேண்டாம் என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. அதில் லோனும் இருந்தது, பசங்க படிப்பும் இருந்தது. தோளின்மேல் இருந்த அந்த மெத்தென்ற கையை சென்னியப்பன் பார்த்தான்.

"அனுப்புங்க சார்" என்றான். "முழுசா அனுப்புங்க. நடுவுல வெட்டீறாதீங்க."

"சே, ஒரு செகண்ட்கூட வெட்ட மாட்டேன்."

திங்கட்கிழமை காலை பயிற்சிக் கூடம் நிறைந்திருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், பழையவர்கள், எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். சென்னியப்பன் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தான். அவனும் மாட்டிக்கொண்டான். முன்னால் பெரிய திரையில் அந்தக் கோடு ஓடத் தொடங்கியது. நிரஞ்சன் அதன் பக்கத்தில், கையில் குச்சியோடு, கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றான். அவன் மட்டும் ஹெட்போன் போட்டிருக்கவில்லை.

காதில் சென்னியப்பனின் குரல் வந்தது. 'அம்மா, அதெல்லாம் பொய்யுங்க.'

முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்த ஒரு பெண் பேனாவைக் கீழே வைத்தாள். பக்கத்தில் இருந்தவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கோடு குதித்துக் குதித்துப் போய், இறங்கி, படுத்தது. அந்த இடத்தில் நிரஞ்சன் குச்சியால் தொட்டுக் காட்டினான்.

"பாத்தீங்களா, எவ்வளவு அமைதி" என்றான்.

கூடம் முழுவதும் நிமிர்ந்து அவனைப் பார்த்தது. ஒருவர் கையிலும் நடுக்கம் இல்லை.